பொதுவிடங்களில் குரோசே பின்னல்

குரோசே என்பது கொக்கி முனை கொண்ட ஒற்றை ஊசியால் நூலை வளையம் வளையமாக இழுத்துப் பின்னும் கைவினை ஆகும். தமிழ்நாட்டில் இது குரோஷா என்றும் அழைக்கப்படுகிறது. சிறு கொக்கி எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லில் இருந்து இப்பெயர் பிறந்தது. இக்கைவினையைப் பேருந்து, தொடர்வண்டி, வானூர்தி, பூங்கா, காத்திருப்புக் கூடம் முதலிய இடங்களில் செய்வது பொதுவிடக் குரோசே எனப்படும்.

குரோசேக்குத் தேவையான கருவிகள் மிகக் குறைவு; வேலையை எந்த இடத்திலும் நிறுத்தித் தொடரலாம். இவ்விரு பண்புகளே அதனைப் பயணத்துக்கு ஏற்ற கைவினை ஆக்குகின்றன. இதே பண்புகளால் அது அயர்லாந்திலும் ஆந்திரப் பிரதேசத்திலும் ஏழைப் பெண்களின் வாழ்வாதாரமாக அமைந்தது. ஆனால் மற்ற வேலைகளின் இடைவெளிகளில் செய்யப்படுவதால், அது உழைப்பு அன்று, வெறும் பொழுதுபோக்கு என்ற கருத்தும் உருவானது.

பயணத்துக்கு ஏற்ற அமைப்பு

இரண்டு ஊசிகளால் செய்யப்படும் நிட்டிங் பின்னலில் ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஒரே நேரத்தில் ஊசியில் திறந்த நிலையில் இருக்கும். 200 கண்ணிகள் கொண்ட ஒரு வேலையில் ஊசி நழுவினால் 200 கண்ணிகளும் அவிழும் நிலைக்கு வருகின்றன. குரோசேயில் ஒரு கண்ணி முடிந்த பிறகே அடுத்த கண்ணி தொடங்கப்படுகிறது. ஆகவே எந்த நேரத்திலும் கடைசி வளையம் ஒன்று மட்டுமே திறந்திருக்கும். ஊசி தவறி விழுந்தாலும் சில கண்ணிகளுக்கு மேல் இழப்பு ஏற்படுவது அரிது. இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிட்டால் அந்த ஒரு வளையத்தில் ஓர் ஊக்கை மாட்டிவிட்டு வேலையைப் பையில் போடலாம். நீண்ட ஊசியில் பல வளையங்களை ஏற்றிப் பின்னும் துனீசியக் குரோசே இதற்கு ஒரு விதிவிலக்கு ஆகும்.

அளவும் ஒரு காரணமாகும். நேரான நிட்டிங் ஊசிகள் பெரும்பாலும் 25 முதல் 40 செ.மீ. வரை நீளமுள்ளவை; அவற்றின் முனைகள் அருகில் அமர்ந்திருப்பவரின் இருக்கை வரை நீளக்கூடும். குரோசே ஊசி ஏறத்தாழ 15 செ.மீ. நீளமே உடையது. பின்னும்போது ஒரு கை மட்டுமே பெரும்பாலும் அசைகிறது. அந்த அசைவும் மணிக்கட்டளவில் அடங்குகிறது. நெருக்கமான இருக்கைகளில் இது பெரிய வசதியாகும்.

பாபின் லேஸ் எனப்படும் கழிப்பின்னலுடன் ஒப்பிட்டால் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலண்டன் மிசன் அமைப்பினர் நாகர்கோவிலில் அறிமுகப்படுத்திய பின்னல் இவ்வகையைச் சேர்ந்தது. அதற்குத் திண்டு ஒன்று, அதில் குத்துவதற்குப் பல குண்டூசிகள், நூல் சுற்றிய பல சிறு கழிகள் ஆகியவை தேவை. திண்டை அசைத்தால் கழிகள் சிக்கிக்கொள்ளும். குரோசேக்கு ஓர் ஊசியும் ஒரு நூற்பந்தும் போதும்.

வரலாறு

நடந்துகொண்டே பின்னியவர்கள்

குரோசே பரவுவதற்கு முன்பே, பிற வேலைகளுக்கு இடையே வெளியிடங்களில் நிட்டிங் செய்யும் வழக்கம் பல பகுதிகளில் இருந்தது. இசுக்காட்லாந்தின் வடக்கே உள்ள செட்லாந்துத் தீவுகளில், எரிபொருளுக்கான கரிமண்ணைக் கூடைகளில் முதுகில் சுமந்து சென்ற பெண்கள் வழியெங்கும் பின்னிக்கொண்டே நடந்தனர். குதிரை மயிர் அடைத்த தோல் பட்டை ஒன்றை இடுப்பில் கட்டி, அதன் துளையில் ஓர் ஊசியைச் செருகிக்கொண்டனர். இதனால் ஊசியைத் தாங்கும் வேலை கைக்கு இல்லாமல் போயிற்று.

பிரான்சின் தென்மேற்கில் உள்ள லாந்த் பகுதியின் சதுப்பு நிலங்களில் ஆடு மேய்த்தவர்கள் உயரமான பொய்க்கால்களில் நின்று மந்தையைக் கண்காணித்தனர். அப்போது கைகளால் பின்னிக்கொண்டிருந்தனர். 1857ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து அந்நிலங்கள் வடிக்கப்பட்டுப் பைன் காடுகளாக மாற்றப்பட்டதால் இவ்வாழ்க்கை முறை மறைந்தது. பெரு நாட்டின் தித்திகாக்கா ஏரியில் உள்ள தாக்கீலே தீவில் ஆண்கள் தொப்பிகளைப் பின்னும் மரபு உள்ளது. அத்தீவின் நெசவு, பின்னல் கலையை யுனெசுக்கோ 2005இல் மனித குலத்தின் சிறந்த மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது.

அயர்லாந்துக் குரோசே

இன்றைய வடிவிலான குரோசே 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவியது. 1823இல் பெனலோப்பே என்னும் ஒல்லாந்து இதழில் வெளிவந்தவையே அச்சில் வந்த முதல் குரோசே மாதிரிகள் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. 1840களில் எலியனோர் ரியேகோ டி லா பிராஞ்சார்டியேர் வெளியிட்ட நூல்கள் இக்கைவினையை ஆங்கிலம் அறிந்த பெண்களிடையே பரப்பின.

1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியதால் அயர்லாந்தில் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. அக்காலத்தில் கார்க் பகுதியின் கன்னியர் மடங்கள் பெண்களுக்குக் குரோசே கற்பித்து அதன் வழி வருமானம் ஈட்ட உதவின. 1847இல் குளோன்சு என்னும் ஊரில் ஆங்கிலிக்கத் திருச்சபைக் குருவின் மனைவியான கசாண்ட்ரா ஹாண்ட் இத்தகைய பயிற்சியைத் தொடங்கினார். குளோன்சு லேஸ் எனப்படும் பின்னல் வகை இதிலிருந்து வளர்ந்தது.

அயர்லாந்துக் குரோசேயின் செய்முறை கவனிக்கத்தக்கது. ரோசா மலர், இலை, முவ்விலைச் செடி ஆகிய உருக்கள் தனித்தனியே பின்னப்பட்டன. ஒரு பெண் ஒரே உருவை மீண்டும் மீண்டும் செய்து தேர்ச்சி பெற்றார். பின்னர் அவ்வுருக்கள் ஒன்றுசேர்க்கப்பட்டு, இடைவெளிகள் வலைப்பின்னலால் நிரப்பப்பட்டன. உள்ளங்கையில் அடங்கும் அளவுள்ள உருவைச் சமையலுக்கு இடையிலும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும்போதும் வாசலில் அமர்ந்தும் பின்ன முடிந்தது. பெரிய வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் இதே முறையையே இன்றைய பயணிகளும் பின்பற்றுகின்றனர்.

போர்க்காலங்களில்

பிரெஞ்சுப் புரட்சியின்போது அரசியல் மன்றங்களிலும் கில்லட்டின் மேடையருகிலும் அமர்ந்து பின்னிக்கொண்டிருந்த பாரிசுப் பெண்கள் திரிக்கொத்தேசு (பின்னுபவர்கள்) என அழைக்கப்பட்டனர். 1859இல் வெளியான சார்லசு டிக்கின்சின் இரு நகரங்களின் கதை என்னும் புதினத்தில் வரும் மேடம் டிஃபார்சு என்னும் பாத்திரம் இவர்களை ஒட்டி அமைந்தது. பொதுவிடத்தில் பின்னும் பெண்ணைக் கொடுமையின் அடையாளமாக இப்பாத்திரம் உலகுக்குக் காட்டியது.

உலகப்போர்கள் இப்படிமத்தை மாற்றின. முதலாம் உலகப்போரின்போது படைவீரர்களுக்குக் காலுறைகளும் கழுத்துத் துணிகளும் தேவைப்பட்டன. பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் மக்கள் தொடர்வண்டிகளிலும் கூட்டங்களிலும் பின்னுவது நாட்டுப்பற்றின் செயலாக மதிக்கப்பட்டது. 1918இல் நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்காவில் பின்னல் போட்டியும் நடைபெற்றது. இரண்டாம் உலகப்போரில் ஐக்கிய அமெரிக்கா நேரடியாக இறங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், 1941 நவம்பர் 24 நாளிட்ட லைஃப் இதழ் பின்னல் கற்பிப்பதை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது. போர் முடிந்ததும் பொதுவிடப் பின்னல் மீண்டும் முதியோரின் பழக்கம் என்ற நிலைக்குத் தள்ளப்பட்டது.

பொதுவிடப் பின்னல் நாள்

2005ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த டேனியல் லேண்ட்ஸ் உலகப் பொதுவிடப் பின்னல் நாள் என்னும் நிகழ்வைத் தொடங்கினார். வீட்டில் தனியே பின்னுபவர்கள் ஆண்டில் ஒரு நாளாவது வெளியே வந்து ஒன்றுகூடுவதே இதன் நோக்கம். தொடக்க ஆண்டில் ஏறத்தாழ 25 இடங்களில் இது நடந்தது. சூன் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை இதற்குரிய நாளாகக் கொள்ளப்பட்டது. பின்னர் ஒரு வாரம் வரை நீட்டிக்கப்பட்டது. பெயர் நிட்டிங்கைக் குறித்தாலும் குரோசே செய்பவர்களும் இதில் பங்கு கொள்கின்றனர்.

இது நூல்போர்த்தல் எனப்படும் தெருக்கலையில் இருந்து வேறுபட்டது. நூல்போர்த்தலில் மரங்கள், கம்பங்கள், சிலைகள் ஆகியவற்றுக்குப் பின்னல் உறை போர்த்தப்படுகிறது. 2010 திசம்பரில் ஒலெக் என்னும் போலந்துக் கலைஞர் நியூயார்க்கில் உள்ள பாயும் காளைச் சிலைக்குக் குரோசே உறை போர்த்தியது இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அவ்வுறை சில மணி நேரத்தில் அகற்றப்பட்டது. நூல்போர்த்தலில் முடிந்த பொருளே காட்சியாகிறது. பொதுவிடக் குரோசேயில் செய்யும் வேலையே கண்ணுக்குத் தெரிகிறது.

2021 ஆகத்து 1 அன்று தோக்கியோ ஒலிம்பிக்கின் நீச்சற்குளப் பார்வையாளர் இருக்கையில் பிரித்தானிய நீர்ப்பாய்ச்சல் வீரர் டாம் டேலி பின்னிக்கொண்டிருந்த காட்சி உலகெங்கும் பரவியது. அதற்குச் சில நாட்கள் முன்னர் தங்கப் பதக்கம் வென்றிருந்த அவர், அப்பதக்கம் கீறல்படாமல் இருக்கத் தாமே ஓர் உறையும் பின்னியிருந்தார். நிட்டிங், குரோசே ஆகிய இரண்டையும் செய்யும் அவர், இக்கைவினை பெண்களுக்கும் முதியோருக்கும் மட்டும் உரியது என்ற எண்ணத்துக்கு மாறான எடுத்துக்காட்டாக அடிக்கடி குறிப்பிடப்படுகிறார்.

வானூர்திப் பயண விதிகள்

2001 செப்தெம்பர் 11 தாக்குதல்களுக்குப் பிறகு வானூர்திக்குள் கூர்மையான பொருட்களைக் கொண்டு செல்வதில் கட்டுப்பாடுகள் கடுமையாயின. 2006 ஆகத்து 10 அன்று வானூர்திகளைத் தகர்க்கும் சதி ஒன்று வெளிப்பட்டதாக அறிவிக்கப்பட்டதும், பிரித்தானிய விமான நிலையங்களில் கைப்பைகளே தற்காலிகமாகத் தடை செய்யப்பட்டன. கடவுச்சீட்டு, பணப்பை போன்ற சிலவற்றை மட்டும் ஒளிபுகும் நெகிழிப் பையில் எடுத்துச்செல்ல முடிந்தது. அந்நாட்களில் ஊசி மட்டுமன்றி, படிப்பதற்குப் புத்தகம்கூட அனுமதிக்கப்படவில்லை.

இன்றைய பொது நிலை வருமாறு:

* ஐக்கிய அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் குரோசே ஊசிகளையும் நிட்டிங் ஊசிகளையும் கைப்பையில் அனுமதிக்கிறது. பிரித்தானியாவின் அரசு விதிகளும் நிட்டிங் ஊசிகளை அனுமதிக்கின்றன.
* கத்தரிக்கோலுக்குத் தனி அளவு உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் திருகாணியில் இருந்து முனை வரை 4 அங்குலத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 6 செ.மீ.க்கு மேற்பட்ட அலகுடைய கத்தரிக்கோல் தடை செய்யப்பட்டுள்ளது.
* வட்ட அலகு உள்ளே மறைந்திருக்கும் நூல் வெட்டியை ஐக்கிய அமெரிக்காவில் கைப்பையில் எடுத்துச்செல்ல முடியாது. அணிகலன் போல் தோன்றினாலும் அதில் கத்தி அலகு உள்ளதே இதற்குக் காரணம்.
* விதி எவ்வாறு இருப்பினும், குறிப்பிட்ட பொருளை அனுமதிப்பதா என்பதைச் சோதனைச் சாவடியில் உள்ள அலுவலரே முடிவு செய்கிறார்.

விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், புறப்படும் நாட்டின் விதியோடு திரும்பி வரும் நாட்டின் விதியையும் முன்கூட்டியே அறிய வேண்டும். மெல்லிய எஃகு ஊசியை விட மரம், மூங்கில், நெகிழி ஆகியவற்றால் ஆன ஊசி ஐயத்தைக் குறைவாக எழுப்பும். விலை உயர்ந்த ஊசியை வீட்டில் விட்டு, பறிபோனாலும் கவலையில்லாத ஊசியைக் கொண்டு செல்வது நல்லது. அதிகமாகப் பின்னிய ஒரு வேலையை ஊசியுடன் ஒப்படைக்க நேராமல் இருக்க, சாவடிக்கு முன்பே வளையத்தில் ஊக்கை மாட்டி ஊசியைத் தனியே வைத்துக்கொள்ளலாம்.

பயணத்துக்கான பொருட்களும் வேலையும்

பயணத்தில் செய்யும் வேலை மூன்று பண்புகளைக் கொண்டிருக்க வேண்டும்: மடியில் அடங்க வேண்டும், எண்ணிக்கை எளிதாக நினைவில் நிற்க வேண்டும், நடுவில் நிறுத்தினால் கெடக்கூடாது.

சதுரங்களாகப் பின்னி இணைக்கும் போர்வை இதற்குப் பொருத்தமானது. முழுப் போர்வையைப் பின்னத் தொடங்கினால் அது வளர வளரப் பையில் அடங்காது. சதுரமோ கடைசி வரை உள்ளங்கை அளவே இருக்கும். எடுத்துக்காட்டாக, 12 வரிசைகளும் வரிசைக்கு 15 சதுரங்களும் கொண்ட போர்வைக்கு 180 சதுரங்கள் தேவை. ஒரு சதுரத்துக்கு 20 நிமிடம் எனக் கொண்டால் மொத்தம் 60 மணி நேரம் ஆகும். நாள்தோறும் பணியிடம் செல்வதில் 20 நிமிடமும் திரும்புவதில் 20 நிமிடமும் பின்னுபவர் 90 வேலை நாட்களில் எல்லாச் சதுரங்களையும் முடித்துவிடலாம். இணைக்கும் வேலையை மட்டும் வீட்டில் செய்ய வேண்டியிருக்கும்.

பின்வருவன பொதுவாகக் கைக்கொள்ளப்படுகின்றன:

* நூற்பந்தின் உட்புற முனையில் இருந்து நூலை எடுத்தால் பந்து உருளாது. வெளிமுனையில் இருந்து எடுத்தால் பந்து சுழன்று, இருக்கைகளுக்கு அடியே ஓடக்கூடும். கைப்பிடியில் மாட்டும் சிறு துணிப்பையில் பந்தை வைத்துக்கொள்வது மற்றொரு வழி.
* கருமையான நூலில் கண்ணிகளைக் காண்பது கடினம். இரவுத் தொடர்வண்டிக்கு வெளிர் நிற நூல் ஏற்றது.
* நூலை வெட்டக் கத்தரிக்கோலுக்கு மாற்றாக நகவெட்டியைப் பயன்படுத்தலாம்.
* மாதிரிக் குறிப்பை வாங்கும்போது அது எந்நாட்டு வழக்கில் எழுதப்பட்டது எனக் காண வேண்டும். அமெரிக்க வழக்கில் ஒற்றைக் குரோசே எனப்படும் கண்ணியே பிரித்தானிய வழக்கில் இரட்டைக் குரோசே எனப்படுகிறது. இதை அறியாமல் பின்னினால் பொருளின் அளவு மாறிவிடும்.
* பேருந்திலும் மகிழுந்திலும் திடீரென வேகம் தடுக்கப்படலாம். மெல்லிய எஃகு ஊசியை அத்தகைய பயணத்தில் தவிர்ப்பதும், பயன்படுத்தாதபோது முனையில் தக்கையைச் செருகி வைப்பதும் பாதுகாப்பானவை.

பொதுவிட நடைமுறைகள்

பொதுவிடத்தில் பின்னுபவர் பிறர் கவனத்தை ஈர்ப்பது இயல்பு. என்ன பின்னப்படுகிறது என்ற கேள்வி, அறிமுகமில்லாதவர்களிடையே உரையாடலைத் தொடங்கி வைக்கிறது. மறுபுறம், கூட்டத்திலோ வகுப்பிலோ பின்னுபவர் கவனிக்கவில்லை என்று பேசுபவர் எண்ணக்கூடும். கைவேலை கவனத்தைக் குலைக்கிறதா என்பது ஆராயப்பட்ட கேள்வியாகும். 2009இல் வெளிவந்த, உளவியலாளர் ஜாக்கி அண்டிரேடின் ஆய்வில் 40 பேர் சலிப்பூட்டும் ஒரு தொலைபேசிச் செய்தியைக் கேட்டனர். கேட்கும்போது தாளில் வடிவங்களை நிழலிட்டவர்கள், சும்மா கேட்டவர்களை விட 29 விழுக்காடு கூடுதலாக நினைவில் வைத்திருந்தனர். எனினும் அது கிறுக்கலைப் பற்றிய ஆய்வு. சிக்கலான மாதிரியை எண்ணிப் பின்னுவதற்கு அம்முடிவை அப்படியே பொருத்த இயலாது. எனவே கூட்டங்களில் எண்ணத் தேவையில்லாத எளிய வேலையைச் செய்வதும், தலைமை ஏற்பவரிடம் முன்பே கேட்டுக்கொள்வதும் நன்று. நீதிமன்றம், வழிபாட்டிடம், இசை அரங்கு ஆகியவற்றில் அந்தந்த இடத்தின் வழக்கத்துக்கு ஏற்ப நடந்துகொள்ள வேண்டும்.

நீண்ட பயணத்தில் இடைவிடாமல் பின்னினால் மணிக்கட்டிலும் பெருவிரலிலும் வலி தோன்றலாம். ஊசியை இறுகப் பிடிக்காமல் இருப்பதும், அவ்வப்போது கைகளை நீட்டி மடக்கி ஓய்வு கொடுப்பதும் உதவும். விரல்களில் மரமரப்பு தொடர்ந்தால் மருத்துவரை அணுக வேண்டும்.

உழைப்பும் பொழுதுபோக்கும்

ஆந்திரப் பிரதேசத்தின் கோதாவரிப் பகுதியில் உள்ள நரசாபுரமும் சுற்றியுள்ள ஊர்களும் குரோசே லேஸ் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. 19ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மதப்பரப்புநர்கள் இதனை அங்கு அறிமுகப்படுத்தினர். பிற்காலத்தில் இது ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. 2024இல் நரசாபுரம் குரோசே லேசுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

செருமானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் இத்தொழிலை ஆராய்ந்து 1982இல் நூல் ஒன்றை வெளியிட்டார். அங்குள்ள பெண்கள் உலகச் சந்தைக்காக நாள்தோறும் பல மணி நேரம் பின்னினர். ஆயினும் அவர்கள் வீட்டிலேயே, மற்ற வேலைகளுக்கு நடுவே பின்னியதால், தொழிலாளர்களாகக் கருதப்படாமல் ஓய்வு நேரத்தைப் பயன்படுத்தும் இல்லத்தரசிகளாகக் கருதப்பட்டனர். மிகக் குறைந்த கூலிக்கு இக்கருத்து நியாயம் கற்பித்தது. வணிகமும் அதன் ஆதாயமும் பெரும்பாலும் ஆண்களிடமே இருந்தன. எங்கும் எடுத்துச்செல்லக்கூடிய, எப்போதும் இடைநிறுத்தக்கூடிய வேலை என்ற சிறப்பே, அவ்வேலைக்குச் செலவான நேரத்தைக் கணக்கில் வராமல் செய்தது.

உண்மையான குரோசேயை வணிக அளவில் பின்னித்தரும் இயந்திரம் இன்றளவும் புழக்கத்தில் இல்லை. குரோசே இயந்திரம் என்ற பெயரில் விற்கப்படுபவை, குரோசே போலத் தோன்றும் வேறுவகைப் பின்னலையே செய்கின்றன. ஆகவே கடையில் மலிவாகக் கிடைக்கும் குரோசே ஆடையிலும் ஒவ்வொரு கண்ணியும் எவரோ ஒருவரின் கையால் இடப்பட்டதே. மேலே கூறிய போர்வையின் 60 மணி நேரக் கணக்கு விற்பனைக்குப் பின்னுபவருக்கும் பொருந்தும். அந்நேரம் விலையில் சேர்ந்துள்ளதா என்பதே வேறுபாடு.

தொடர்வண்டியில் பின்னுபவரைக் காணும் பயணிகள், ஒரு சதுரம் உருவாக எத்தனை நிறுத்தங்கள் கடந்து போகின்றன என்பதையும் காண்கின்றனர். வீட்டுக்குள் செய்யப்படும்போது கணக்கில் வராத நேரம் பொதுவிடத்தில் பிறர் கண்முன் கழிகிறது. பொதுவிடக் குரோசே ஒரு பொழுதுபோக்காக இருப்பினும், இக்கைவினையில் அடங்கியுள்ள உழைப்பைப் பிறர் அறிய அது வாய்ப்பளிக்கிறது.

இவற்றையும் பார்க்க

* நிட்டிங்
* பாபின் லேஸ்
* அயர்லாந்துப் பெரும் பஞ்சம்
* நூல்போர்த்தல்
* புவிசார் குறியீடு